ஐந்து கத்திரி வெயிலும் ஐந்து ஐப்பசி மழையும் கண்ட உமிப் பலகை

திருவான்மியூரில், கடலிலிருந்து ஏறக்குறைய அரை கிலோமீட்டர் தொலைவில் உள்ள எங்கள் வீட்டின் மொட்டை மாடியில், 2020 ஜனவரியில் பொங்கல் முடிந்த கையோடு 220 சதுர அடிக்குப் பலகைத் தளம் ஒன்று அமைத்தோம். பலகை மரமன்று. பால் கேன், ஷாம்பு பாட்டில் போன்றவற்றிலிருந்து மறுசுழற்சி செய்த எச்.டி.பி.இ. (அடர்த்தி மிகுந்த பாலிஎத்திலீன்) பிளாஸ்டிக்கோடு நெல் உமித் தூளைக் கலந்து, உருக்கி, அச்சின் வழியே பிதுக்கி எடுத்த கலப்புப் பலகை. பலகையும் வேலைக்கூலியும் சேர்த்துச் சதுர அடிக்கு 340 ரூபாய் ஆயிற்று. கறையான் தொடாது, உளுக்காது, வெளுக்காது, 25 ஆண்டுகளுக்குப் பராமரிப்பே தேவையில்லை என்று விற்றவர் சொன்னார். ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு அவர் சொன்ன நான்கில் முதல் இரண்டும் மெய் என்றும், பின்னிரண்டும் மெய்யல்ல என்றும் என்னால் சொல்ல முடிகிறது. தயாரிப்பாளரின் பெயரைக் குறிப்பிடவில்லை. இங்கே சொல்லும் குறைகளில் பெரும்பாலானவை அந்த ஒரு நிறுவனத்துக்கு உரியவை அல்ல, இவ்வகைப் பலகைகளின் இயல்பிலேயே உள்ளவை.

கடைக்குப் போகுமுன் ஒரு பெயர்க்குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வது நல்லது. நம் ஊர் ஹார்டுவேர் கடைகளில் ‘டபிள்யூ.பி.சி.’ (மரமும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) என்று கேட்டால் பெரும்பாலும் எடுத்துக் காட்டுவது பி.வி.சி. நுரைப் பலகையையே. அதில் மரத்தூள் ஓரளவு கலந்திருக்கலாம். கழிவறைக் கதவுக்கும் அலமாரிக்கும் அது போதும். வெட்டவெளியில் போடும் தளப்பலகை வேறு: அடர்த்தியானது, கையில் எடுத்தால் கனக்கும், மேற்புறத்தில் நீளவாக்கில் வரிகள் இருக்கும், எடையில் ஏறத்தாழப் பாதியோ அதற்கு மேலோ தாவரப் பொருளாக இருக்கும். முதலாவதை வாங்கி மாடியில் போட்டுவிட்டு இரண்டாவதைத் திட்டுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

எல்லாப் பிளாஸ்டிக்கையும் உமியோடு சேர்க்க முடியாது. தாவர நார் ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ் வெப்பத்தைத் தாண்டும்போது கருகத் தொடங்குகிறது. எச்.டி.பி.இ. 130 டிகிரி அளவிலும் பாலிபுரொப்பிலீன் 160-ஐ ஒட்டியும் உருகுவதால் இரண்டும் நாரோடு ஒத்துப்போகின்றன. தண்ணீர் பாட்டிலுக்குப் பயன்படும் பெட் பிளாஸ்டிக் உருக 250 டிகிரி வேண்டும் என்பதால் அது ஒதுங்கிவிடுகிறது. இன்னொரு சிக்கலும் உண்டு. நார் தண்ணீரை விரும்பும், பாலிஎத்திலீன் தண்ணீரை விலக்கும். இரண்டும் தாமாக ஒட்டிக்கொள்வதில்லை. மெலீயிக் அன்ஹைட்ரைடு என்ற வேதிப்பொருளை ஒட்டவைத்த பாலிஎத்திலீனைச் சிறிதளவு சேர்த்துத்தான் இவற்றைப் பிணைக்கிறார்கள். இந்தப் பிணைப்புப் பொருளைக் குறைத்தால் விலை இறங்கும், கடையில் பார்க்கும்போது வேறுபாடும் தெரியாது. மூன்றாவது மழைக்காலத்தில்தான் தெரியும். ஆகவே உமி எத்தனை விழுக்காடு என்று கேட்பதோடு, பிணைப்புப் பொருளும் புறஊதாத் தடுப்பானும் பூஞ்சைத் தடுப்பானும் சேர்த்திருக்கிறார்களா என்றும் கேட்க வேண்டும். என்னிடம் விற்றவருக்கு முதல் கேள்விக்கு மட்டுமே விடை தெரிந்திருந்தது.

இனி மாடிக்கு வருகிறேன். முதலில் மாறியது நிறம். நாங்கள் தேர்ந்தெடுத்தது தேக்கின் அடர்பழுப்பு. முதல் கத்திரி வெயில் முடிவதற்குள் அது வெளிறத் தொடங்கி, இரண்டாம் ஆண்டு முடிவில் காய்ந்த தேங்காய் மட்டையின் நிறத்துக்கு வந்து, அதன்பிறகு ஏறக்குறைய அப்படியே நின்றுவிட்டது. எவ்வளவு வெளுத்தது என்பதற்கு அளவுகோல் ஒன்று தற்செயலாகக் கிடைத்தது. மூன்று ஆண்டுகள் அசைக்காமல் வைத்திருந்த துளசிமாடத்தை ஒரு நாள் நகர்த்தியபோது, அதன் அடியில் பழைய பழுப்பு, வட்டமாக, புதிது போலவே இருந்தது. பக்கத்திலுள்ள பலகையோடு அதை ஒப்பிட்டால் இரண்டும் ஒரே கட்டிலிருந்து வந்தவை என்று யாரும் நம்பமாட்டார்கள்.

இந்த வெளுப்புக்குச் சாயம் போவது மட்டுமே காரணமன்று. உமியானாலும் மரத்தூளானாலும் அதில் செல்லுலோசுகளைப் பிடித்துவைத்திருக்கும் லிக்னின் என்ற பொருள் புறஊதாக் கதிரைத் தாராளமாக உள்ளிழுத்துச் சிதைகிறது. சிதைந்த துணுக்குகள் தண்ணீரில் கரையக்கூடியவை. கோடை வெயில் லிக்னினைச் சிதைத்து வைக்கிறது. ஐப்பசி மழை அதைக் கழுவிக்கொண்டு போகிறது. எஞ்சுவது வெளிறிய செல்லுலோசு. கழுவப்பட்ட இடத்தில் புதிய நார் வெளிச்சத்துக்கு வருகிறது, மறு கோடையில் அதுவும் சிதைகிறது. வெயில் மட்டும் அடிக்கும் ஊரிலோ மழை மட்டும் பெய்யும் ஊரிலோ இந்தச் சுழற்சி இவ்வளவு வேகமாக நடக்காது. எங்கள் முதல் ஆண்டு மழையில் மாடிக் குழாயிலிருந்து தேநீர் நிறத்தில் தண்ணீர் வந்து கீழ்வீட்டுச் சுவரில் கறை படிந்ததற்கும் இந்தக் கழுவல் ஒரு காரணமாக இருக்கலாம். அந்தக் கறையைப் பற்றி விற்பனைத் தாளில் ஒரு வரியும் இல்லை. சுவருக்கு மறுபடியும் வெள்ளையடித்த செலவு எங்களுடையது.

பிளாஸ்டிக்கின் பங்கும் இதில் உண்டு. புறஊதாக் கதிர் பாலிஎத்திலீனின் நீண்ட சங்கிலிகளைத் துண்டிக்கிறது. துண்டானவை நெருங்கி அடுக்காகி, மேற்பரப்பு நொறுங்கும் தன்மையுடையதாகி, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுகின்றன. மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கில் கூடுதல் கவலை என்னவென்றால், முதல் பிறவியில் அதோடு சேர்த்திருந்த காப்புப்பொருள்களில் ஒரு பகுதி ஏற்கெனவே செலவாகியிருக்கும். வெயிலிலும் உருக்கு எந்திரத்திலும் பட்ட சூடு ஆக்சிஜனேற்றத்துக்கு விதை போட்டு வைத்திருக்கும். நன்றாகத் தரம் பிரித்து, கழுவி, காப்புப்பொருளை மறுபடி சேர்த்தால் புதிய பிளாஸ்டிக்குக்கு நெருக்கமாகவே உழைக்கும் பலகையைச் செய்யலாம். சேர்க்காமலும் செய்யலாம், நம் சந்தையில் இரண்டும் அடுத்தடுத்து அடுக்கி வைக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் பலகையில் நான்காம் ஆண்டிலிருந்து விரலால் தேய்த்தால் சுண்ணாம்பு போன்ற மெல்லிய தூள் ஒட்டுகிறது. வெள்ளைச் சட்டையோடு தரையில் சாய்ந்து உட்கார்ந்தால் முதுகில் அதன் முத்திரை விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் புது நிறம் வரும் என்று ஆசாரி சொன்னார். அவர் சொன்னது சரிதான், ஆனால் தேய்ப்பதால் பறப்பது பிளாஸ்டிக் தூள் என்பதாலும், அடியிலுள்ள புதிய பரப்பும் அதே கதிக்கு ஆளாகும் என்பதாலும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

விற்பனைத் தாளில் ‘2000 மணி நேரம் புறஊதாச் சோதனையில் தேறியது’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தார்கள். அந்தச் சோதனை பொய்யன்று. வாங்குபவர் அதற்குத் தரும் பொருள்தான் தவறு. வழக்கமான ஒரு முறையில், பலகைத் துண்டை 60 டிகிரியில் 8 மணி நேரம் புறஊதா விளக்கின் கீழும், பிறகு 50 டிகிரியில் 4 மணி நேரம் நீராவி படியும் இருட்டிலும் மாற்றி மாற்றி வைப்பார்கள். ஒரே வகையான இரண்டு பலகைகளில் எது மேல் என்று ஒப்பிட அது உதவும். ஆனால் இத்தனை மணி நேரம் என்றால் இத்தனை ஆண்டு என்று பெருக்கிச் சொல்லப் பொதுவான வாய்பாடு எதுவும் இல்லை. அதில் உப்புக்காற்று இல்லை, பாசி இல்லை, காக்கை எச்சம் இல்லை, மழைக்குழாயில் இலை அடைத்து இரண்டு நாள் தேங்கிய தண்ணீரும் இல்லை.

தண்ணீரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் விற்பனையாளர்களின் பேச்சு மிகவும் வழுக்கும் இடம் இதுதான். ‘நார் முழுவதையும் பிளாஸ்டிக் மூடிவிடுகிறது, தண்ணீர் போகாது’ என்பார்கள். வாங்குவதற்கு முன் கொடுத்த மாதிரித் துண்டிலிருந்து அரை அடி வெட்டி, சமையலறைத் தராசில் எடைபோட்டு, வாளித் தண்ணீரில் மூழ்கவைத்துப் பார்த்தேன். 24 மணி நேரத்தில் எடை ஒரு விழுக்காடுகூட ஏறவில்லை; தாளில் சொன்னபடியே இருந்தது. சோம்பலால் அதை வாளியிலேயே விட்டுவைத்து 40 நாள் கழித்து எடைபோட்டபோது ஏற்றம் ஆறு விழுக்காட்டை நெருங்கியிருந்தது. தண்ணீர் போகிறது, மிக மெதுவாகப் போகிறது, அவ்வளவுதான். ஒரு நாள் சோதனை எல்லாப் பலகையையும் நல்ல பலகையாகவே காட்டும்.

உள்ளே போன தண்ணீர் நாரை உப்பவைக்கிறது. வெயில் அதைச் சுருங்கவைக்கிறது. பிளாஸ்டிக் இரண்டுக்கும் ஈடுகொடுப்பதில்லை. இப்படி ஆண்டுக்கணக்கில் உப்பியும் சுருங்கியும் நாருக்கும் பிளாஸ்டிக்குக்கும் இடையிலுள்ள பிடி தளர்ந்து, அந்த இடைவெளியே அடுத்த மழைக்கு வாய்க்காலாகிறது. எங்கள் தளத்தில் இதன் விளைவு பலகையின் நடுவில் இல்லை, வெட்டிய முனைகளில்தான் தெரிகிறது. தொழிற்சாலையிலிருந்து வரும் பலகையின் மேற்பரப்பில் பிளாஸ்டிக் மிகுந்த மெல்லிய தோல் இருக்கும்; ரம்பம் போட்ட இடத்தில் உமி வாய் திறந்து நிற்கும். மழைக்குழாயை ஒட்டி வெட்டிப் பொருத்திய நான்கு பலகைகளின் முனைகள் கண்ணுக்குத் தெரியும்படி தடித்துவிட்டன. மேலும் எங்களுடையவை உட்கூடான பலகைகள். விலை குறைவு, எடை குறைவு என்று அவற்றை எடுத்தோம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மாடியில் தேங்கிய தண்ணீர் அந்தக் கூடுகளுக்குள் புகுந்து, புயல் போய் ஒரு வாரம் ஆகியும் முனைகளிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. இன்று வாங்குவதானால் கெட்டிப் பலகையைத்தான் வாங்குவேன். இல்லையென்றால் ஒவ்வொரு முனையிலும் மூடி போடச் சொல்வேன்.

இவ்வகைப் பலகை மட்கவே மட்காது என்று தொடக்க காலத்தில் உலகெங்கும் நம்பினார்கள். அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்தின் எவர்கிளேட்ஸ் தேசியப் பூங்காவில், மறுசுழற்சிப் பிளாஸ்டிக்கும் மரத்தூளும் கலந்து போட்ட நடைபாதையில் மரத்தைத் தின்னும் பூஞ்சைகள் வளர்ந்திருப்பதை 1998-இல் ஆய்வாளர்கள் எழுதிய பிறகுதான் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது. துத்தநாக போரேட் போன்ற தடுப்பான்களைக் கலப்பது அதன்பின் பரவலாயிற்று. எங்கள் பலகையில் அத்தகைய மட்கல் இதுவரை இல்லை. உமியின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு வரை சாம்பல், அதில் பெரும்பகுதி சிலிக்கா என்பதும் ஓரளவு துணை செய்திருக்கலாம். வந்திருப்பதெல்லாம் மேற்பரப்புக் கரும்பூஞ்சையும் பாசியும்தான். வேடிக்கை என்னவென்றால், தண்ணீர்த்தொட்டியின் நிழலில் இருக்கும் பலகைகள் நிறத்தைக் காப்பாற்றிக்கொண்டன, ஆனால் கார்த்திகை மாதம் முழுவதும் அவற்றின் மீது நடக்கவே முடியாதபடி வழுக்கும்; வெயிலில் கிடப்பவை வெளுத்தன, ஆனால் வழுக்குவதில்லை. நிழற்பகுதியை ஆண்டுக்கு இரண்டு முறை சோப்புத் தண்ணீர் ஊற்றி, தென்னந்துடைப்பத்தால் வரிவாக்கில் தேய்க்க வேண்டியிருக்கிறது. இதற்குப் பராமரிப்பு என்றுதான் பெயர்.

வெப்பத்தைப் பற்றி யாருமே எச்சரிக்கவில்லை. மே மாத நடுப்பகல் இரண்டு மணிக்கு, அகச்சிவப்பு வெப்பமானியால் ஒரு முறை பார்த்தபோது வெட்டவெளிப் பலகை 66 டிகிரி காட்டியது. செருப்பில்லாமல் நிற்க முடியாது. பேரக்குழந்தைகளை நான்கு மணிக்கு முன் மேலே விடுவதில்லை. காலைச் சுடுவதைவிடப் பெரிய தொல்லை பலகை நீள்வது. தேக்கு நீளவாக்கில் வெப்பத்தால் நீள்வது மிகச் சொற்பம்; பிளாஸ்டிக் கலந்த பலகை அதைப்போல் பல மடங்கு நீளும். எங்கள் பலகையின் விவரத்தாளில் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரி உயர்வுக்கு 0.045 மில்லிமீட்டர் என்றிருக்கிறது. 2.9 மீட்டர் பலகை ஜனவரி விடியற்காலையிலிருந்து மே மாத நடுப்பகலுக்கு 40 டிகிரிக்கு மேல் சூடேறினால் ஐந்து மில்லிமீட்டருக்கு மேல் நீள வேண்டும். பொருத்தியவர்கள் குளிர்ந்த தை மாத வானிலையில், தச்சுவேலைக்குரிய நேர்த்தியோடு, இரண்டு மில்லிமீட்டர் மட்டும் விட்டு நெருக்கிப் போட்டார்கள். அந்த ஆண்டு மே மாதத்தில் கைப்பிடிச்சுவரை ஒட்டிய வரிசை பூனை முதுகைப் போல மேலெழும்பியது. ஊரடங்குக் காலமாதலால் ஆட்களை அழைக்க வழியில்லை; நானும் என் மகனும் பலகைகளைச் சட்டத்தோடு பிடிக்கும் கிளிப்புகளைத் தளர்த்தி, இரும்பு ரம்பத்தால் முனைகளைச் சீவி ஒருவாறு படியவைத்தோம். மரத்தில் நேர்த்தி என்பது இடுக்கில்லாமல் சேர்ப்பது; இதில் நேர்த்தி என்பது சரியான இடுக்கு விடுவது. இதைத் தெரிந்த ஆசாரியைத் தேடிப் பிடிப்பதுதான் பலகையைத் தேர்வதைவிடக் கடினமாக இருக்கிறது.

சூட்டில் பலகை இளகித் தொய்யவும் செய்கிறது. அடியிலுள்ள தாங்கு சட்டங்களைக் கூலி மிச்சத்துக்காக 16 அங்குல இடைவெளியில் போட்டதால், பெரிய பூந்தொட்டிகள் நிற்கும் இடத்தில் பலகை நிரந்தரமாகக் குழிந்துவிட்டது. ஓர் அடி இடைவெளியே நம் வெயிலுக்கு ஏற்றது.

இத்தனைக்கும் பிறகு, எங்கள் தளத்தில் உண்மையில் முதலில் செத்தது பலகையே அன்று. அடியில் போட்ட ஜி.ஐ. (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்ச் சட்டங்கள் பற்றவைப்பு இடங்களில் நான்காம் ஆண்டிலேயே துருவேறி இற்றுவிட்டன. கிளிப்புகள் எவர்சில்வர்தான், ஆனால் 304 தரம்; கடற்காற்றில் அவற்றின் மேல் பழுப்புப் படலம் படர்ந்து பலகையிலும் இறங்கியிருக்கிறது. கடலோரத்தில் 316 தரம் கேட்க வேண்டும் என்று பின்னர்தான் அறிந்தேன். 25 ஆண்டுப் பலகையை ஐந்தாண்டுச் சட்டத்தின் மேல் வைத்து விற்கிறார்கள்.

அதே கடையில் தென்னை நாரும் மறுசுழற்சிப் பாலிபுரொப்பிலீனும் கலந்த செவ்வகப் பூந்தொட்டிகள் இரண்டு வாங்கியிருந்தோம். அவற்றைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை: இரண்டாம் கோடையில் மூலைகள் வெடித்தன, நார் மயிர்க்கால்போல வெளியே நீட்டிக்கொண்டது, மூன்றாம் ஆண்டில் தூக்கும்போது விளிம்பு கையோடு வந்தது. பாலிபுரொப்பிலீன் இயல்பிலேயே பாலிஎத்திலீனைவிடப் புறஊதாவுக்கு எளிதில் இரையாகக் கூடியது. தென்னை நாரிலோ லிக்னின் 40 விழுக்காட்டுக்கு மேல். மட்காமல் இருப்பதில் தென்னை நாரை எளிதில் வெல்ல முடியாது என்பது உண்மை; ஆனால் தண்ணீரைத் தாங்குவது வேறு, வெயிலைத் தாங்குவது வேறு. வீட்டினுள் சன்னலோரத்தில் வைப்பதற்கு அவை நன்றாகவே இருந்திருக்கும்.

கோயம்புத்தூரில் என் தங்கை வீட்டுப் பால்கனியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் போட்டிருப்பது மேலுறை போர்த்திய வகை. உள்ளே இதேபோன்ற கலப்பு. வெளியே நாரே கலவாத, புறஊதாத் தடுப்பான் மிகுந்த பிளாஸ்டிக் தோல் ஒன்றைச் சேர்த்தே பிதுக்கி எடுத்திருக்கிறார்கள். நிறமாற்றம் தேடிப் பார்த்தால்தான் தெரிகிறது. குழம்பு சிந்தினாலும் துடைத்தால் போய்விடுகிறது. விலை எங்களுடையதைப்போல் ஒன்றரை மடங்கு. நாற்காலிக் கால் ஆழமாகக் கீறிய ஓரிடத்தில் உள்நிறம் தெரிகிறது, அதை மறைக்க வழியில்லை. கோவையின் வெயில் திருவான்மியூர் வெயிலும் அன்று, பால்கனி மொட்டை மாடியும் அன்று. அந்த வேறுபாட்டைக் கழித்துக்கொண்டே இந்த ஒப்பீட்டைப் பார்க்க வேண்டும். ஆயினும் இன்று வெட்டவெளிக்கு வாங்குவதானால் கூடுதல் விலையைக் கொடுத்து மேலுறைப் பலகையையே வாங்குவேன்.

உத்தரவாதத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எழும்பிய வரிசைக்காகவும் தடித்த முனைகளுக்காகவும் 2022-இல் எழுதிக் கேட்டபோது, அவர்கள் மரியாதையாகவே பதில் அனுப்பினார்கள். உத்தரவாதம் மட்கல், கறையான், தானாகப் பிளத்தல் ஆகிய மூன்றுக்கு மட்டும். நிறமாற்றம் ‘இயல்பான வானிலை விளைவு’. எழும்பியது பொருத்தியவர் பிழை. முனை தடித்தது வெட்டிய இடத்தை நாங்கள் அடைக்காத பிழை. பொருத்தியவரை அனுப்பியதும் அவர்களே என்று நினைவூட்டிய கடிதத்துக்கு மட்டும் பதில் வரவில்லை. 25 என்ற எண் எதற்கு எதிராக என்பதைப் பணம் கொடுக்குமுன் எழுத்தில் படித்துவிட வேண்டும். நான் பணம் கொடுத்த பின்புதான் படித்தேன்.

மனக்குறையோடு எழுதுவதுபோல் தோன்றினாலும், இதை அகற்றிவிட்டு மரம் போடும் எண்ணம் எனக்கில்லை. முன்பு இதே மாடியில் கிடந்த மரப்பெஞ்சை இரண்டு ஆண்டில் கறையான் அரித்துத் தின்றது. ஆண்டுதோறும் எண்ணெய் பூசியும் பயனில்லை. இந்தப் பலகையில் கறையான் ஏறிய தடம் ஒன்றுகூட இல்லை, சிராய் காலில் ஏறியதில்லை, மாண்டஸ் புயலின் காற்றில் ஒரு பலகையும் பெயரவில்லை. வெளிறிய நிறமும் பழகிவிட்டது; பார்க்க வருகிறவர்கள் முதலிலிருந்தே இப்படித்தான் வாங்கினோம் என்று நினைக்கிறார்கள். வீட்டு முகப்புக்கு அழகாக, வாங்கிய நிறத்திலேயே இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்களுக்கு இந்த மேலுறையற்ற வகையைப் பரிந்துரைக்க மாட்டேன். அழகைவிட உழைப்பு முக்கியம் என்பவர்கள், இளநிறத்தில், கெட்டிப் பலகையாக, ஓர் அடிச் சட்டத்தின் மேல், மே மாதத்தை மனத்தில் வைத்து இடுக்கு விட்டுப் பொருத்தினால் வாங்கலாம். நேரம் இருப்பவர்கள் மாதிரித் துண்டொன்றை வாங்கி, பாதியை அலமாரியிலும் பாதியைக் கைப்பிடிச்சுவரின் மேலும் ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும்.

வரும் பங்குனிக்குள், கத்திரி தொடங்கும் முன், இற்றுப்போன சட்டங்களை எடுத்துவிட்டு அலுமினியச் சட்டம் போடச் சொல்லியிருக்கிறேன். பலகைகளில் மாற்ற வேண்டியவை பதினொன்று மட்டுமே. மற்றவற்றைத் தலைகீழாகத் திருப்பி, வெயில் படாத அடிப்பக்கம் மேலே வரும்படி போடலாம் என்று ஆசாரி சொல்கிறார்.